கரண்ட் வைக்கும் முன் எடுக்கும் ஸ்கேன்: படத் தெளிவும் கதிர் அளவும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவதும், மெஷின் சொன்னபடி கதிர் தருகிறதா என்று அளந்து பார்ப்பதும் என் வேலை. காத்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போகும்போது என்னை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் சிகிச்சையைப் பற்றிக் கேட்பதில்லை, அதற்கு முன்னால் எடுக்கும் ஸ்கேனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். புதிதாகச் சேரும் டெக்னாலஜிஸ்ட் பிள்ளைகளுக்கும் அதே இடத்தில்தான் சந்தேகம் வருகிறது.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முன்பாதி நோயாளிகளும் கூட வருபவர்களும் கேட்டவை. பின்பாதி அநேகமாக வேலை பழகுகிறவர்கள் கேட்டவை. உங்கள் சிகிச்சையில் எதை மாற்றுவது, எதை விடுவது என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

"கரண்ட் வைக்கத்தானே வந்தோம். ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் கையில இருக்கு. மறுபடி எதுக்கு சி.டி.?"

பேச்சில் "கரண்ட்" என்று சொன்னாலும் உடம்புக்குள் மின்சாரம் போவதில்லை. ஆற்றல் மிகுந்த எக்ஸ்ரேதான் போகிறது. அது பாயும் வழியைக் கணக்கிடத்தான் இந்த சி.டி.

உங்கள் கையில் இருக்கும் ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்க எடுத்தது. அன்று வளைந்த மேசையில் படுத்திருப்பீர்கள், கை எங்கேயோ இருந்திருக்கும். சிகிச்சை நாளில் எப்படிப் படுப்பீர்களோ அதே நிலை எங்களுக்கு வேண்டும்: தட்டைப் பலகை, அதே மாஸ்க், அதே தலையணை. இன்னொரு காரணமும் உண்டு. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் இருக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டி எலும்புக்கு நூற்றுக்கணக்கில் மேலே. 1971இல் லண்டனில் முதல் நோயாளியைத் தன் சி.டி. எந்திரத்தில் படம்பிடிக்க வைத்த காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயரால் அது ஹௌன்ஸ்ஃபீல்ட் எண். கதிர் எந்தத் திசுவில் எவ்வளவு தடுக்கப்படும் என்பதைக் கம்ப்யூட்டர் இந்த எண்களை வைத்துத்தான் கணக்கிடுகிறது.

"தினமும் கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி மெஷின் ஒரு சுத்து சுத்துதே, அதுவும் சிகிச்சையா?"

இல்லை. அது படம் எடுக்கும் சுற்று. சிகிச்சை மெஷினின் பக்கவாட்டில் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் சாதாரண எக்ஸ்ரே குழாய், எதிரே உள்ளதில் படம் வாங்கும் பலகை. அவை உங்களைச் சுற்றிவரும்போது நூற்றுக்கணக்கான எக்ஸ்ரே படங்கள் எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒரு முப்பரிமாணப் படம் ஆக்குகின்றன. இதற்குப் பெயர் கோன் பீம் சி.டி., சுருக்கமாக சி.பி.சி.டி. சில மெஷின்களில் வேறு அமைப்பு இருக்கலாம், ஆனால் வேலை இதுதான்.

அந்தப் படத்தை முதல்நாள் சி.டி.யின் மேல் வைத்துப் பார்த்து, நீங்கள் 4 மில்லிமீட்டர் இடதுபக்கம் தள்ளிப் படுத்திருந்தால் மேசையை 4 மில்லிமீட்டர் நகர்த்துகிறோம். நீங்கள் அசையாமல் இருந்தாலும் மேசை தானாக நகர்வது அதனால்தான். சிகிச்சை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

"ஒரு ஸ்கேனுக்கு எவ்வளவு கதிர் உள்ள போகும்? நம்பரா சொல்லுங்க."

திசு வாங்கிக்கொள்ளும் கதிரை கிரே என்ற அலகில் அளக்கிறோம். ஒரு கிரேயில் ஆயிரம் மில்லிகிரே. சிகிச்சையில் ஒரு நாளைக்குக் கட்டிக்குப் போவது பெரும்பாலும் 2 கிரே, அதாவது 2000 மில்லிகிரே.

இடுப்புப் பகுதிக்கு ஒரு சி.பி.சி.டி. எடுத்தால் மென்திசுவுக்கு ஏறக்குறைய 10 முதல் 30 மில்லிகிரே. தலை, கழுத்துக்கு அதைவிடக் குறைவு, சில மில்லிகிரே. முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பொதுவாக ஒரு மில்லிகிரேயோ அதற்கும் கீழோதான். சிகிச்சைக் கதிரையே கொண்டு படம் எடுக்கும் பழைய முறையில் ஒரு ஜோடிப் படத்துக்குப் பல பத்து மில்லிகிரே வரை போகலாம், படமும் வெளிறித்தான் தெரியும். மெஷின், அமைப்பு, உடல்வாகு எல்லாவற்றையும் பொறுத்து இவை மாறும். உங்களுக்கு உரிய எண்ணை உங்கள் மையத்தின் இயற்பியலாளரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

"மொத்தம் 60 கிரே வைக்கிறீங்க. அதுல இந்த 20 மில்லிகிரே கடல்ல கரைச்ச பெருங்காயம்தானே?"

எங்கள் துறையிலேயே ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கணக்கு சரிதான். ஆனால் பெருங்காயம் கரைவது அதே கடலில் இல்லை. சிகிச்சைக் கதிரைக் கட்டியின் மேல் குவிக்கிறோம், சுற்றியிருப்பதைத் தவிர்க்க மணிக்கணக்கில் பாடுபடுகிறோம். ஸ்கேன் கதிருக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. படச் சட்டத்துக்குள் வரும் குடல், மூட்டு, சினைப்பை, விரை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு போகும். 30 நாள் தொடர்ந்தால் 20 மில்லிகிரே 600 மில்லிகிரே ஆகிவிடும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காமல் சிகிச்சை வைத்தால், கட்டி தப்பிவிடக் கூடாது என்று சுற்றிலும் ஓரம் விட்டு வைக்க வேண்டியிருக்கும். 6 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் முழு அளவு கதிர் வாங்கும் கனஅளவு சுமார் 268 கன சென்டிமீட்டர். தினமும் படம் பார்ப்பதால் ஓரத்தை 5 மில்லிமீட்டராகக் குறைக்க முடிந்தால் அது 180 ஆகிறது. 88 கன சென்டிமீட்டர் நல்ல திசு 60 கிரேயிலிருந்து தப்பிக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் அந்த 600 மில்லிகிரே. விலை நியாயமானது, ஆனால் 300 மில்லிகிரேக்குக் கிடைப்பதற்கு 600 ஏன் கொடுக்க வேண்டும்? நான் மல்லுக்கு நிற்பது அந்தக் கேள்விக்காகத்தான்.

"ஸ்கேன் எடுத்துட்டு வீட்டுக்கு வந்தா பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?"

தூக்கலாம். பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போய்விடுவதுபோல, மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. வெளியிலிருந்து எக்ஸ்ரே வைக்கும் சிகிச்சைக்கும் அதற்கான சி.டி.க்கும் இது பொருந்தும். தைராய்டுக்கு அயோடின் மருந்து குடித்தவர்கள், பெட் ஸ்கேன் எடுத்தவர்கள் விஷயம் வேறு, அவர்களுக்குத் தனி அறிவுரை தருவார்கள்.

"எங்க அம்மாவுக்குத் தினமும் ஸ்கேன். பக்கத்துல வர்றவங்களுக்கு வாரம் ஒரு தடவைதான். எங்களுக்கு மட்டும் ஏன்?"

உறுப்பு எவ்வளவு நகரும் என்பதைப் பொறுத்தது. கழுத்துக்கு மாஸ்க் போட்டு இறுக்கிவிட்டால் எலும்பு பெரிதாக நகராது. கருப்பை வாய், புராஸ்டேட் போன்றவை சிறுநீர்ப்பையும் மலக்குடலும் நிரம்பியிருப்பதற்கேற்ப நாளுக்கு நாள் இடம் மாறும். வெளியே தோலில் போட்ட மார்க் அதைச் சொல்லாது. எத்தனை நாள் சிகிச்சை என்பதும் முக்கியம். மார்பகத்துக்கு இப்போது சில இடங்களில் 26 கிரேயை 5 நாளில் முடிக்கிறார்கள். 5இல் ஒரு நாள் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு தவறுகிறது. அங்கே தினமும் பார்ப்பதுதான் நியாயம்.

வாரம் ஒரு தடவை பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் முதல் சில நாள் தொடர்ந்து எடுத்திருப்பார்கள். எல்லா நாளும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகல் தெரிந்தால் அது ஏற்பாட்டிலேயே உள்ள பிழை. அதைச் சரிசெய்துவிட்டு, பிறகு வாரம் ஒரு தடவை சரிபார்த்தால் போதும். இது நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைதான், சிக்கனத்துக்காகச் செய்யும் குறுக்குவழி அல்ல.

"இன்னிக்கு ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்தாங்க. ஏதும் தப்பு நடந்துருச்சா?"

பெரும்பாலும் தப்பு இல்லை. முதல் படத்தில் சிறுநீர்ப்பை பாதிதான் நிரம்பியிருந்திருக்கும், அல்லது மலக்குடலில் வாயு உப்பியிருந்திருக்கும். அப்படியே வைத்தால் குடலும் மலக்குடலும் கதிருக்குள் வந்துவிடும். அதனால் இறக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கவைத்தோ கழிப்பறைக்கு அனுப்பியோ மறுபடி எடுக்கிறார்கள். அந்த இரண்டாவது ஸ்கேன் சரியான முடிவு.

ஆனால் பாதி நாள் அதைத் தவிர்த்திருக்கலாம், அது உங்கள் கையில் இருக்கிறது. எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை நிமிடம் முன்னால் என்று சொன்னார்களோ, தினமும் அதே அளவு, அதே நேரம். அதிகமாகக் குடித்து முட்ட முட்ட வந்தாலும் தொல்லைதான், அடக்க முடியாமல் நடுவில் எழுந்துவிட நேரும். தொலைவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் வழியில் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார்கள். சித்திரை வெயிலில் காய்ந்துபோய் வந்து, இங்கே வந்தபின் அரை லிட்டர் குடித்தால், உடம்பு முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும், பை நிரம்ப நேரமாகும். மலச்சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் முதல் வாரமே சொல்லுங்கள். மொச்சை, முட்டைகோஸ், சோடா ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். மெஷினில் எந்தப் பொத்தானை மாற்றினாலும் கிடைக்காத கதிர்ச் சேமிப்பு இதில் கிடைக்கிறது: எடுக்கத் தேவைப்படாத ஸ்கேனுக்குக் கதிர் அளவு பூஜ்யம்.

"இதுக்கெல்லாம் இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம் இல்லையா?"

நோயாளிக்கு அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது, இந்தியாவில் மட்டுமல்ல, எங்குமே அப்படித்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (முழு உடம்புக்கும் வரக்கூடிய பாதிப்பைக் கணக்கிடும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1. நாங்கள் நெஞ்சில் மாட்டியிருக்கும் சின்ன பேட்ஜ் அதை அளக்கத்தான்.

நோயாளிக்கு வரம்பு வைத்தால் தேவையான சிகிச்சையே தடைப்படும். அதனால் அங்கே இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறார்கள்: இந்தப் படம் தேவைதானா? தேவையென்றால், வேலை நடக்கும் அளவுக்கு மிகக் குறைந்த கதிரில் எடுத்தீர்களா? வரம்பு இல்லாத இடத்தில்தான் எங்கள் பொறுப்பு கூடுகிறது என்று நினைக்கிறேன்.

"ஸ்கேனால பின்னால இன்னொரு கேன்சர் வருமா? மறைக்காம சொல்லுங்க."

இடுப்பு சி.பி.சி.டி. ஒன்றை முழு உடலுக்குச் சமமான அளவாக மாற்றினால் சில மில்லிசீவர்ட் வரும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் உலகில் ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது. மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளி கடற்கரைகளில் மோனசைட் மணல் இருப்பதால் அதைவிடப் பல மடங்கு. கருநாகப்பள்ளி மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் பாதுகாப்புக் கணக்கில் நாங்கள் அதை நம்பி விட்டுவிடுவதில்லை. சிறிய அளவிலும் சிறிய ஆபத்து உண்டு என்றே எடுத்துக்கொள்கிறோம். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு ஒரு சீவர்ட்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதம். ஒரு ஸ்கேனுக்கு 4 மில்லிசீவர்ட், 25 ஸ்கேன் என்றால் மொத்தம் 100. கணக்குப்படி ஆயிரம் பேரில் ஐந்து பேர். இது எல்லா வயதினரையும் கலந்த சராசரி, ஒரு தனி மனிதருக்குப் பொருத்திச் சொல்ல வந்த எண் அல்ல. எழுபது வயதில் சிகிச்சை எடுப்பவருக்கு இதைவிட வெகு குறைவு. பத்து வயதுக் குழந்தைக்கு இதைவிட அதிகம். இன்று உடம்பில் இருக்கும் நோயைத் தவறவிடுவதன் ஆபத்து இதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்தப் பயத்தில் ஸ்கேனை மறுத்துவிடாதீர்கள்.

"குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே மெஷின்தானே? ஒரே அளவுதான் போகுமா?"

நாம் மாற்றாவிட்டால் ஒரே அளவுதான் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டு வயதுப் பையனுக்கு வயிற்றுப் பகுதி சிகிச்சை. ஒல்லியான பிள்ளை. திரையில் பட்டியலின் முதல் வரியில் இருந்தது பெரியவர்களுக்கான இடுப்பு அமைப்பு. கைப்பழக்கத்தில் அதையே அழுத்தி ஒரு வாரம் எடுத்திருக்கிறார்கள். படம் கண்ணாடிபோல் தெரிந்தது. அழகாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. மங்கலான படம் உடனே புகார் சொல்லும், தேவைக்கு மேல் கதிர் வாங்கிய படம் பாராட்டு வாங்கிக்கொண்டு போய்விடும். அந்த வாரத்தை நான் மறக்கவில்லை. இன்று எங்கள் மெஷினில் குழந்தைகளுக்குத் தனி அமைப்பு உண்டு, குழந்தையின் பெயரைத் திறந்தால் அதுதான் முதலில் வரும்.

சி.டி.யில் பயன்படும் எக்ஸ்ரே ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் திசுவைக் கடக்கும்போது பாதியாகிறது. பெரியவரைவிட 8 சென்டிமீட்டர் ஒடுங்கிய குழந்தைக்கு அதே தெளிவு கால் பங்கு கதிரிலேயே வந்துவிடும். திரையில் காட்டும் டோஸ் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. வயிறு, இடுப்பு ஸ்கேனுக்கு அது 32 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அக்ரிலிக் உருளைக்குக் கணக்கிட்ட எண். சின்னக் குழந்தையின் உடம்பில் உண்மை அளவு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கலாம். எலும்பை வைத்து இடம் பார்த்தால் போதும் என்ற இடங்களில் இரண்டு எக்ஸ்ரேயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"சார், படம் நல்லா வரணும்னா டோஸ் ஏத்தணும்ங்கிறாங்க. ஏன்? எவ்வளவு ஏத்தணும்?"

இங்கிருந்து வேலை பழகுகிறவர்களின் கேள்விகள். முற்றத்தில் மழை ஆரம்பிக்கும்போது பாருங்கள். முதல் சில துளிகள் திட்டுத்திட்டாக விழும், ஒரு கல் நனைந்திருக்கும், பக்கத்துக் கல் காய்ந்திருக்கும். மேகம் அங்கே ஒருமாதிரி இங்கே ஒருமாதிரி பெய்யவில்லை, துளி குறைவு, அவ்வளவுதான். நின்று பெய்தபின் தரை முழுக்க ஒரே ஈரம். எக்ஸ்ரே ஃபோட்டான்களும், அதாவது கதிரின் துளிகளும், அப்படித்தான் பலகையில் விழுகின்றன. 100 ஃபோட்டான் விழும் இடத்தில் 10 கூடக் குறைய இருக்கும், அதாவது 10 சதவீதம். படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் இரைச்சல் என்கிறோம். 10,000 விழுந்தால் 100தான் கூடக் குறைய, 1 சதவீதம்.

வர்க்கமூலக் கணக்கு இது. இரைச்சலைப் பாதியாக்க டோஸை நான்கு மடங்கு ஆக்க வேண்டும். "கொஞ்சம் தெளிவா" என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தி: டோஸைப் பாதியாக்கினால் இரைச்சல் இரண்டு மடங்கு ஆவதில்லை, 1.4 மடங்குதான் ஆகிறது. சி.டி. உடம்பை ரொட்டித் துண்டுபோல வெட்டு வெட்டாகக் காட்டுகிறது, அந்த வெட்டின் தடிமனும் இதே கணக்குக்குள் வரும். 3 மில்லிமீட்டர் வெட்டை 1.5 ஆக்கினால் ஒவ்வொரு வெட்டுக்கும் பாதித் துளிதான், அதே தெளிவு வேண்டுமானால் டோஸ் இரட்டிப்பு.

"அப்போ எந்தப் படம் 'போதும்'? யார் சொல்றது?"

அந்தப் படத்தை வைத்து எடுக்கப்போகும் முடிவுதான் சொல்ல வேண்டும். மாஸ்க் போட்ட கழுத்தில் எலும்போடு எலும்பு பொருத்துகிறோம். எலும்பு இரைச்சலிலும் தெரியும், குறைந்த டோஸ் போதும். நுரையீரலில் காற்றுக்கு நடுவே நிற்கும் கட்டி தானாகவே பளிச்சென்று தெரியும், அங்கேயும் குறைக்கலாம். புராஸ்டேட்டுக்கும் மலக்குடல் சுவருக்கும் இடையே வித்தியாசம் மிகக் கொஞ்சம், அங்கே கஞ்சத்தனம் பிடித்தால் எல்லை மறைந்துவிடும்.

பிளானிங் சி.டி., அதாவது சிகிச்சையைக் கணக்கிட முதலில் எடுக்கும் சி.டி., தனி ரகம். அதில்தான் மருத்துவர் கட்டியின் எல்லையை வரைகிறார். வரைவதில் வரும் பிழை அன்றோடு போவதில்லை, முப்பது நாளும் அதே இடத்தில் அதே பிழையோடு கதிர் விழும். ஒரு தடவை எடுக்கும் அந்தப் படத்தில் 10 மில்லிகிரே மிச்சம் பிடித்து, மருத்துவரை எல்லையை ஊகிக்க விடுவது மோசமான பேரம். அதே தாராளத்தை முப்பது தடவை எடுக்கும் சி.பி.சி.டி.யில் காட்டக் கூடாது.

"கே.வி. குறைச்சா டோஸ் நல்லா குறையுமே. பிளானிங் சி.டி.க்கு ஏன் 120ஐயே பிடிச்சிட்டு நிக்கறீங்க?"

குறையும். கே.வி. என்பது எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம். மற்றதை மாற்றாமல் அதை 120இலிருந்து 80க்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஆனால் முதல் கேள்வியில் சொன்ன எண்கள் கே.வி.யோடு சேர்ந்து மாறும். எலும்பின் எண் எகிறும். அந்த எண்ணை எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றும் அட்டவணையை 120க்கு அளந்து வைத்திருக்கிறோம். வேறு கே.வி.யில் எடுத்தால் அதற்கெனத் தனி அட்டவணை வேண்டும், தவறான அட்டவணை விழுந்தால் சிகிச்சைக் கணக்கே பிசகும்.

எம்.ஏ.எஸ். (குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு, எத்தனை ஃபோட்டான் வரும் என்பதை அது முடிவு செய்யும்) அப்படியல்ல. அதைக் குறைத்தால் எண்ணின் சராசரி மாறாது, இரைச்சல் மட்டும் கூடும். கதிர் உள்ளே போகும் வழியில் பல புள்ளிகளைக் கடப்பதால் அந்த இரைச்சல் கூடக் குறைய ஈடாகிவிடும், டோஸ் கணக்கு பெரிதாக அசையாது. ஆகவே எம்.ஏ.எஸ்.ஐ எவ்வளவு குறைக்கலாம் என்பதை கம்ப்யூட்டரிடம் கேட்காதீர்கள். எல்லை வரையும் மருத்துவரின் கண்ணிடம் கேளுங்கள்.

"ஆட்டோ எம்.ஏ. போட்டுட்டா மெஷினே பாத்துக்காதா?"

ஆட்டோ எம்.ஏ. என்றால் உடம்பின் பருமனுக்கேற்பக் குழாயின் மின்னோட்டத்தை (எம்.ஏ.) மெஷினே கூட்டிக் குறைப்பது. நோயாளி நடுவில் படுத்திருந்தால் பார்த்துக்கொள்ளும். மார்பகப் பலகையிலும் சாய்வுப் பலகையிலும் உடம்பு மையத்திலிருந்து விலகி உயரமாக நிற்கும். முன்னோட்டப் படம் மேலிருந்து எடுத்தால், குழாய்க்கு நெருங்கிய உடம்பு பெரிதாகத் தெரியும். மெஷின் "பருமனான ஆள்" என்று நினைத்து எம்.ஏ.வை ஏற்றிவிடும். மேசை உயரத்தைப் பார்க்கச் செலவாகும் பத்து விநாடியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

"நாலு டி சி.டி. எல்லாருக்கும் எடுத்தா பாதுகாப்புதானே?"

மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் சி.டி. அது. மூச்சோடு நகரும் கட்டிக்கு மட்டும்தான் தேவை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு மூச்சு முடியும்வரை கதிர் நின்று காத்திருக்கிறது, அதனால் சாதாரண சி.டி.யைவிடப் பல மடங்கு போகும். நுரையீரலின் கீழ்ப்பகுதி, கல்லீரல் போன்ற இடங்களில் அது தன் விலைக்குத் தகும். ஸ்கேனுக்கு முன் நோயாளியைப் பதற்றமில்லாமல் ஐந்து நிமிடம் மூச்சுப் பழக வையுங்கள். மூச்சு தாறுமாறாக இருந்தால் இவ்வளவு கதிர் கொடுத்தும் படம் துண்டுதுண்டாகத்தான் வரும்.

"சி.பி.சி.டி. படம் சி.டி. மாதிரி இல்லாம கலங்கலா இருக்கு. எம்.ஏ.எஸ். ஏத்தினா சரியாயிடும்ல?"

பலரும் விழும் குழி இது. மழைத்துளிக் கணக்கு இரைச்சலுக்கு மட்டும்தான். சி.பி.சி.டி.யின் கலங்கலுக்குப் பெரிய காரணம் சிதறல் கதிர். சி.டி. மெல்லிய விசிறிபோல் கதிரை விடுகிறது. கோன் பீம் அகன்ற கூம்பாக விடுகிறது. பருத்த இடுப்பில் பலகைக்கு நேராக வரும் கதிரைவிடச் சிதறி வருவது அதிகமாகவே இருக்கலாம். எம்.ஏ.எஸ்.ஐ இரட்டிப்பாக்கினால் சிதறலும் இரட்டிப்பாகும். நோயாளிக்கு டோஸ் கூடும், கலங்கல் அப்படியே இருக்கும்.

படச் சட்டத்தின் நீளத்தைக் குறையுங்கள். 16 சென்டிமீட்டர் தேவைப்படாத இடத்தில் 10 போதுமென்றால் சிதறலும் குறையும், கதிர்படும் உடம்பும் குறையும். டோஸையும் தெளிவையும் ஒரே அசைவில் திருத்தும் வழிகள் எங்கள் வேலையில் அபூர்வம், இது அதில் ஒன்று. சரியான வடிகட்டி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது வாயு அசைந்ததாலோ பல்லில் அடைத்த உலோகத்தாலோ வந்தது, அதையும் எம்.ஏ.எஸ். தீர்க்காது. தலைக்கு முழுச் சுற்று தேவையில்லை, ஏறக்குறைய 200 பாகை போதும். அந்த வளைவைப் பின்னந்தலைப் பக்கமாகக் கொண்டுபோனால் கண்ணின் வில்லைக்குப் போவது நன்றாகக் குறையும்.

"ஸ்கேன் டோஸையும் பிளான்ல கூட்டிக் காட்டணுமா?"

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது: படம் எடுக்கும் கதிர் மொத்தமாக, கட்டிக்கு எழுதிய அளவில் 5 சதவீதத்தைத் தாண்டினால் கணக்கில் எடுங்கள். 70 கிரே, 35 நாள், தினமும் 25 மில்லிகிரே என்றால் 0.875 கிரே, அதாவது 1.25 சதவீதம். பெரும்பாலோர் தாண்டமாட்டார்கள். சிகிச்சைக் கதிராலேயே படமெடுக்கும் மெஷினில் தினமும் இரண்டு மூன்று தடவை எடுத்தால் நெருங்கலாம்.

எண் தாண்டவில்லை என்று மறந்துவிடாதீர்கள். 5 சதவீதம் கட்டியின் அளவை வைத்துச் சொன்னது, குழந்தையின் சினைப்பைக்கு அது அளவுகோல் ஆகாது. குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே எலும்பில் மென்திசுவைப்போல இரண்டு மூன்று மடங்கு டோஸைக் கொட்டும், வளரும் எலும்புக்கு அது முக்கியம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் அதன்மேல் விழும் ஸ்கேன் கதிரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

"கதிரே இல்லாம பாக்க வழி இல்லையா?"

உண்டு. தோலின் மேற்பரப்பைக் கேமராவால் பார்க்கும் கருவிகள் மார்பக சிகிச்சையிலும், மூச்சைப் பிடித்துவைத்து இதயத்தை விலக்கும் முறையிலும் நன்றாக உதவும். ஆனால் அது தோலைத்தான் பார்க்கிறது, உள்ளே இருக்கும் புராஸ்டேட்டை அல்ல. எம்.ஆர்.ஐ.யோடு சேர்ந்த சிகிச்சை மெஷின் உள்ளேயும் காட்டும், விலையும் நேரமும் அதிகம். ஸ்கேனுக்குமுன் தோல் கேமராவால் நிலையைச் சரிசெய்துவிட்டால், படுக்கை சரியில்லை என்று திரும்ப எடுக்கும் ஸ்கேன்கள் குறையும்.

"டோஸ் குறைச்ச புது செட்டிங் போடறேன். அது சரிதான்னு எப்படி உறுதி பண்றது?"

ஒரே நாளில் கால் பங்காக இறக்காதீர்கள். முதலில், உள்ளே மங்கலான வட்டங்கள் பதித்த சோதனை உருளையில் எம்.ஏ.எஸ்.ஐ படிப்படியாக இறக்கி, எந்தப் படியில் அந்த வட்டங்கள் மறைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரைச்சலைத் துடைக்கும் புதிய மென்பொருள் இருந்தால் இன்னும் கவனம்: படம் வழுவழுவென்று இருக்கும், ஆனால் அந்த வட்டம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

பிறகு நோயாளிகளில். குறைத்த அமைப்பில் எடுத்த படங்களை, எந்த அமைப்பு என்று சொல்லாமல், இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். இருவரும் சொல்லும் நகர்வு பழைய அமைப்பில் எவ்வளவு ஒத்துப்போனதோ அதே அளவு இப்போதும் ஒத்துப்போனால் அந்தப் படி நிற்கும். ஒருவர் 2 மில்லிமீட்டர், இன்னொருவர் 5 என்று சொல்ல ஆரம்பித்தால் அழகு, அசிங்கம் பேசாமல் ஒரு படி ஏறுங்கள். ஒல்லி, நடுத்தரம், பருமன் மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். முடிவைப் பதிவேட்டில் தேதியோடு எழுதி, திரைப் பட்டியலில் பழைய வரியை நீக்கிவிடுங்கள். இருந்தால் யாராவது ஒரு நாள் அதையே அழுத்துவார்கள்.